ஆளில்லாத மதுரையும் பெயரில்லாத இருவரும்

பழைய மதுரைப் படம் ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தால் அதற்குக் கீழே என்ன எழுதுவார்கள் என்று எனக்கு இப்போதெல்லாம் பார்க்காமலே தெரியும். “எவ்வளவு அமைதியா இருந்திருக்கு நம்ம ஊரு”, “கூட்டமில்ல, புகையில்ல, நிம்மதி”, “அந்தக் காலம் இனி வருமா”. கடைசியாகச் சுற்றியது மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தின் உட்பக்கப் படம். இரண்டு பக்கமும் சிலைத் தூண்கள், நடுவில் நீண்ட தாழ்வாரம், ஆள் என்று ஒருத்தர்கூட இல்லை. தையல் மெஷின் சத்தமும், வளையல் கடையும், அழகர் வேஷத்துக்குத் துணி தைக்கக் கொடுத்துவிட்டு நிற்கிற கூட்டமுமாகப் புதுமண்டபத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெறுமை அதிசயமாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் அந்த வெறுமையைப் பார்த்து ‘அமைதி’ என்கிறோமே, அது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அமைதி மதுரையுடையது அல்ல, கேமராவுடையது.

அந்தப் படத்தை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். கம்பெனிப் படையில் கேப்டன். பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு 1855-ல் போய்ப் படம் எடுத்துவிட்டு வந்தவரைச் சென்னை மாகாண அரசு தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. 1857 கடைசியில், வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரத்தில், மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து தெற்கே கிளம்பினார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி என்று வந்து 1858 தொடக்கத்தில் மதுரையில் இருந்தார். அப்புறம் புதுக்கோட்டை, தஞ்சாவூர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாகச் செய்தது இவர்தான். கல்லில் இருந்த எழுத்து ஒன்றும் விட்டுப் போகக்கூடாது என்று அத்தனை பாடுபட்ட மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அவருடைய வேலை கட்டடங்களைப் பதிவு செய்வது. கருவியும் அதற்கு ஏற்றதாகவே இருந்தது. காகிதத்தை மெழுகில் ஊறவைத்து, வெள்ளி உப்பு ஏற்றி, அதையே நெகட்டிவாகப் பயன்படுத்துகிற முறை அது. வெளிச்சம் நன்றாக இருந்தாலும் கேமராவின் மூடியைத் திறந்து நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மண்டபத்துக்குள் இன்னும் கூடுதல் நேரம். அந்த நேரத்தில் ஒருவர் குறுக்கே நடந்து போனால் காகிதத்தில் ஏறமாட்டார். கொஞ்சம் நின்றுவிட்டுப் போனால் புகை மாதிரி ஒரு கறை விழும், அவ்வளவுதான். கல்தூண் அசையாது, அதனால் அது முழுசாகப் பதியும். மாட்டுவண்டி, தண்ணீர்க் குடம் சுமந்து போகிறவள், கூவிக்கொண்டு போகிற கீரைக்காரி, ஓடுகிற பிள்ளைகள், யாருமே நிற்க மாட்டார்கள். வானம்கூட அந்தக் காகிதத்தில் வெறும் வெள்ளையாகத்தான் விழும். நன்றாக இல்லையே என்று டிரைப் தன் நெகட்டிவின் மேல் மேகத்தைக் கையால் வரைந்து சேர்த்திருக்கிறார். வானத்துக்கு மேகம் வரைந்து கொடுத்தார், தெருவுக்கு ஆளை வரைந்து கொடுக்கவில்லை.

மதுரை அப்போதும் நெரிசலான ஊர்தான். பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டைச் சுவரை இடித்ததே ஊருக்கு உள்ளே மூச்சுவிட இடமில்லாமல்தான். சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளிவீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதியும், மாரட் வீதியும் வந்தன. அந்த பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். டிரைப் அதையும் படம் எடுத்திருக்கிறார். 1871 கணக்கெடுப்பில் மதுரையில் ஏறத்தாழ 52,000 பேர். பஸ், கார் இல்லாத காலத்தில், அத்தனை பேரும் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் புழங்கிய நகரத்தைத்தான் நாம் ‘ஆளரவமில்லாத பழைய மதுரை’ என்று பகிர்ந்துகொண்டிருக்கிறோம். 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் அரசுக்கு ஆடம்பரச் செலவு என்று சொல்லி டிரைப்பின் வேலையையே நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் இருந்திருந்தாலும் மக்கள் அந்தப் படங்களுக்குள் வந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

திரைச்சீலைக்கு முன்னால்

சரி, வெள்ளைக்காரர் எடுத்ததில்தான் மக்கள் இல்லை, நாமே எடுத்துக்கொண்ட படங்களில் இருப்பார்களே என்று பார்த்தால் அங்கே வேறொரு குறை. நம் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற பழைய படங்களை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கையில் குடையோ தடியோ. பக்கத்தில் முக்காலியின்மேல் பூச்சாடி. பின்னால் திரைச்சீலையில் வரைந்த படிக்கட்டு, வளைவுத் தூண், எங்கேயும் இல்லாத ஒரு தோட்டம். அந்தப் படத்தை மதுரையில் எடுத்தார்களா, மாயவரத்தில் எடுத்தார்களா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அட்டையில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் உண்டு. மனிதர்கள் தெளிவாக இருக்கிறார்கள், ஊர் காணோம்.

இதிலும் எனக்குக் கோபமில்லை. எங்கள் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கிளம்பி, ரயிலேறி, மதுரை ஸ்டுடியோவில் போய் உட்காருவது என்பது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் செய்கிற காரியம். அன்றைக்கு அவர்களுக்குத் தங்கள் ஓட்டு வீடும் சாணி மெழுகின வாசலும் படத்தில் வர வேண்டும் என்று ஏன் தோன்ற வேண்டும்? அதைத்தான் தினமும் பார்க்கிறார்களே. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் மிஞ்சியிருந்த படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலில் ஏற்றியிருக்கிறார்கள். பெரிய காரியம் அது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் முகங்களையும் நகைகளையும் பின்கொசுவத்தையும் பார்த்துப் பார்த்து மாளாது. ஆனால் அந்த முகங்கள் வெளியே இறங்கி எந்தத் தெருவில் நடந்தன என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இருக்காது.

ஆக ஒரு பக்கம் மக்கள் இல்லாத ஊர், இன்னொரு பக்கம் ஊர் இல்லாத மக்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிற படம் எங்களிடம் இருக்கிறதா என்று வீட்டுப் பெட்டிகளைக் கிண்ட ஆரம்பித்தேன். அக்ஃபா கிளிக் கேமரா வந்த பிறகு, அறுபது எழுபதுகளில் எடுத்த படங்கள் கொஞ்சம் கிடைத்தன. சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான், அதனால் அதிலும் ஆளை நடுவில் நிறுத்தி, சிரிக்க வைத்து, ஆளை மட்டுமே எடுத்திருக்கிறார்கள். தெரு வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஒரு படத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதை எங்கள் வீட்டில் யாரும் வெளியே எடுப்பதில்லை.

சாவுப் படம்

அப்பாவின் தாத்தா இறந்த அன்று எடுத்த படம் அது. ஐம்பதுகளின் நடுவில். தென்பக்க மாவட்டங்களில் நிறைய வீடுகளில் இந்த மாதிரி ஒன்று இருக்கும். உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுக்காத மனிதரை, கடைசி நாளில் நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று எடுத்துக்கொள்கிற படம். இதை மாட்டவும் கூடாது, கிழிக்கவும் மனசு வராது. எங்கள் வீட்டில் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில், முகம் கீழே பார்க்கும்படி கிடந்தது. சில வீடுகளில் ‘இது எதுக்கு வீட்ல’ என்று எரித்தே விடுகிறார்கள்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் இந்தப் படங்களை வாசலில் வைத்துத்தான் எடுப்பார்கள். அந்த ஒரு காரணத்தால்தான் தெரு உள்ளே வந்துவிட்டது. தாத்தாவை நாற்காலியோடு சேர்த்து மார்பில் துண்டால் கட்டியிருக்கிறார்கள். தலையில் தலைப்பாகை, நெற்றி நிறைய திருநீறு, நடுவில் காசு. காலடியில் பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒன்று அசைந்துவிட்டதால் அதற்கு முகமே இல்லை. பின்னால் வடக்கு வீட்டுத் திண்ணை. திண்ணையில் வெற்றிலைக் கூடைகள், பக்கத்தில் வாழைநார்க் கட்டு, சுவரில் சாத்திய அகத்திக் கம்புகள். வெற்றிலைக் கொடி வளர்க்கிற கொடிக்கால்காரர்கள் தெரு அது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தெருமுனையில் மண்ணெண்ணெய் விளக்குக் கம்பம், அதன் கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. ஸ்கேன் செய்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒரு வீட்டு நிலைப்படியில் மஞ்சள் பூசிய தடம்கூடத் தெரிந்தது.

அத்தையிடம் காட்டினேன். படத்தில் முன்வரிசையில் ரிப்பன் கட்டி உட்கார்ந்திருக்கிற சிறுமி அவர்தான். முதலில் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தவர் தாத்தாவைத் தாண்டி நேராகத் திண்ணைக்குப் போய்விட்டார். “இந்தத் தூண்ல சாஞ்சுதான்டா நாங்க தாயம் விளையாடுவோம். இந்தா, இவுகதான் தேனூர்ல கட்டிக் குடுத்த பெரிய அத்த. அன்னிக்கு வயித்துல பிள்ளையோட வந்தாக. இந்தப் பய கண்மாய்ல விழுந்தவன், பொழச்சுக்கிட்டான். இவர் மலேயாவுக்குப் போனவரு, திரும்பி வரல.” ஒரு முகம் விடவில்லை. யாருக்கு யார் என்ன முறை, யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, வரப்புத் தகராறு யாருக்கும் யாருக்கும். முகமில்லாத அந்தக் குழந்தையைக்கூட, உட்கார்ந்திருக்கிற இடத்தை வைத்து யாரென்று சொன்னார். நான் பென்சிலால் எழுதி எழுதிக் கை வலித்தது. ஒரு மத்தியானம் முழுக்க, காகிதத்தில் இருந்த தெரு எனக்குக் கேட்கிற தெருவாக மாறிக்கொண்டிருந்தது. டிரைப் படத்தில் இல்லாதது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தின் இடது ஓரத்தில், விளக்குக் கம்பத்துக்கும் தள்ளி, இரண்டு பேர் நிற்கிறார்கள். இடுப்பில் துண்டு, தோளில் பறை. ஒருவருக்கு முழு உருவம் இருக்கிறது. இன்னொருவரைப் படத்தின் விளிம்பு பாதியில் வெட்டிவிட்டது. கேமராக்காரர் அவர்களைச் சேர்க்க நினைக்கவில்லை என்பது பார்த்தாலே தெரியும், விலக்கவும் முடியவில்லை. “இவங்க யாரு அத்தை?” என்றேன். “அவங்க கொட்டுக்காரங்கடா,” என்றார். பேர் என்ன என்றேன். அத்தை யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. “தெரியலையேடா. நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் இவங்கதான் வருவாங்க. பேரு… நாங்க கேட்டதில்லையே.”

கண்மாயில் விழுந்த பையன் முதல் மலேயா போனவர் வரை நினைவில் வைத்திருக்கிற ஒருவர், தன் வீட்டு ஒவ்வொரு சாவுக்கும் விடியவிடிய அடித்த இரண்டு பேரின் பெயரைத் தெரிந்துகொள்ளவே இல்லை. அத்தை நல்லவர், யார் பசித்து வந்தாலும் சோறு போட்டுத்தான் அனுப்புவார். ஊர் அவருக்கு அப்படிப் பழக்கியிருந்தது. கேமராவிலிருந்து தப்பியவர்கள் பற்றியே அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். கேமராவில் விழுந்தும் நினைவில் விழாதவர்கள் இருக்கிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. ‘ஊர் நினைவுகள்’ என்று நாம் சொல்வதில் பாதி, ஊரின் ஒரு பக்கத்துத் தெருக்களின் நினைவுதான். பழைய படங்களைத் தொகுக்கிற நல்ல மனசுக்காரர்கள் பலரும் அக்ரகாரம், கடைவீதி, கோயில் தேர், பெரிய வீட்டுக் கல்யாணம் என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். அதில் காலனித் தெரு இல்லாததை யாரும் ஒரு குறையாகக்கூடச் சொல்வதில்லை.

அந்தப் பக்கத்துத் தெரு

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். அந்தத் தூரத்தை நான் அதுவரை எத்தனை குறைவாக நடந்திருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மாரியம்மன் கோயில் திண்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் நீட்டினேன். என்ன படம் என்றதும் அவர் முகம் கொஞ்சம் இறுகியது. உங்கள் வீட்டுச் சாவில் எங்கள் ஆள் கொட்டடித்ததை எங்களுக்கே காட்ட வந்தாயா என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அவர் கேட்கவில்லை. படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “தோளைப் பாருங்க தம்பி. வலது தோள் எறங்கி இருக்கு. எங்க பெரியப்பா இப்படித்தான் நிப்பாரு.” உள்ளே கூப்பிட்டு இன்னும் இரண்டு பேரை வரச் சொன்னார். அவர்களில் ஒரு அம்மா பார்த்தவுடனே அவர்தான் என்றார். பெயரைச் சொன்னார்கள். அவர் பறை மட்டும் அடிக்கவில்லை, தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷமும் கட்டுவாராம், இருபது மைல் சுற்றளவில் அவருக்குப் பேர் இருந்ததாம். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத ஒரு கலைஞரின் கதை, எங்கள் வீட்டுப் படத்துக்குள்ளேயே எழுபது வருஷமாக இருந்திருக்கிறது.

அவருடைய படம் அவர்கள் வீட்டில் இல்லை. ஒன்றுகூட இல்லை. பெரியவர் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சுவரில் மாலை போட்டிருந்த தன் அம்மாவின் படத்தைக் காட்டினார். ஓரங்கள் புள்ளி புள்ளியாகச் சிதறி, நெற்றிப்பொட்டு மட்டும் தெளிவாக இருந்தது. “ஓட்டு அட்டையில இருந்ததைப் பெருசு பண்ணினது. அது ஒண்ணுதான் தம்பி இருக்கு,” என்றார். வாக்காளர் அட்டையில் படம் வந்ததே 1993-க்குப் பிறகு. அதற்கு முன் இறந்தவர்களுக்கு? எங்கள் தெருவில் டிரங்குப் பெட்டிக்குள் மறைத்து வைக்கிற அளவுக்குப் படங்கள். இங்கே மாட்டுவதற்கு ஒன்று கிடைக்க, தேர்தல் கமிஷன் வரவேண்டியிருந்திருக்கிறது.

பாதியில் வெட்டுப்பட்ட இன்னொருவரை யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு காதும் ஒரு கையும் பறையின் ஒரு விளிம்பும்தான் தெரிகிறது. பக்கத்து ஊரிலிருந்து கூட்டிவந்த ஆளாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார், இல்லை தன் சித்தப்பா என்று இன்னொருவர் சொன்னார். படத்துக்குப் பின்னால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். பெரியப்பாவின் உருவத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்கித் தந்தால் போதும் என்றார்கள். ஆனால் பறை இல்லாமல் வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான், பெரியவர் பறையோடுதான் வேண்டும் என்றார். அவர்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும் என்று இரண்டு விதமாகவும் போட்டுக் கொடுத்தேன். அதில் நான் கருத்துச் சொல்ல எனக்கு இடமில்லை.

புதுமண்டபப் படத்துக்குக் கீழே ‘எவ்வளவு அமைதி’ என்று யாராவது எழுதினால் இப்போது நான் பதில் எழுதுகிறேன். மூடி திறந்திருந்த நேரத்தில் யாரெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் நடந்து போயிருப்பார்கள் என்று எழுதுகிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை, பரவாயில்லை. ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு சாவுப் படம் இருக்கும். எரித்துவிடாதீர்கள். நடுவில் இருப்பவரை எல்லோருக்கும் தெரியும், ஓரங்களைப் பாருங்கள். வண்டிக்காரர், சலவைக்காரர், பந்தல் போட்டவர், கொட்டடித்தவர் என்று யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார். உங்கள் அத்தையிடம் கேட்டு முடித்த பிறகு, அவருடைய தெருவுக்கும் போய்க் கேளுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இரண்டு தெருவிலும் மிச்சம் கொஞ்சம் பேர்தான். போகும்போது பெரிய பிரிண்டாகக் கொண்டுபோங்கள், போன் திரையில் அந்த வயதுக்கு முகம் பிடிபடாது. கையோடு ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். பெயரைப் பேனாவால் எழுத வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மெல்லிய பென்சில் போதும்.